டிரைவிங் டெஸ்ட்: பக்கத்து இருக்கைக்காரரின் காலை நம்பி ஓட்டாதீர்கள்

கார் ஓட்டக் கற்பவர்களுக்குப் பக்கத்து இருக்கையில் உட்காருவதுதான் என் வேலை. நான் கற்ற காலத்தில் செய்த தவறுகளையே இன்று வருகிறவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள். சீட் பெல்ட் போட மறப்பது, தேவையான தாள்களை வீட்டிலேயே விட்டுவிட்டு வருவது, முதல் நாள் இரவு தூங்காமல் இருப்பது இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதனால் விட்டுவிடுகிறேன். நன்றாக ஓட்டுகிறோம் என்ற நம்பிக்கையோடு போகிறவரைத் தோற்கடிக்கிற தவறுகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பயிற்சியாளரின் காலை நம்பி ஓட்டுவது

வேறொரு இடத்தில் பயிற்சி முடித்து, தேர்வில் தோற்று, என்னிடம் வந்தார் ஒரு பெண். "கிளாஸ்ல எல்லாம் நல்லாத்தான் சார் ஓட்டுவேன், டெஸ்ட்லதான் பதற்றமாயிடுது" என்றார். வண்டியை எடுக்கச் சொன்னேன். குலுங்கி ஆஃப் ஆனது. மறுபடி எடுத்தார், மறுபடி ஆஃப். "சார், இந்த வண்டி ஏதோ மக்கர் பண்ணுது" என்றார். வண்டியில் ஒரு குறையும் இல்லை. என் பக்கத்தில் இருக்கும் பெடலில் என் கால்கள் இல்லை, அவ்வளவுதான். அதுவரை அவருடைய கிளட்சைப் பாதி மிதித்துக்கொண்டிருந்தது பக்கத்தில் இருந்த பழைய பயிற்சியாளரின் கால். அவருக்கு அது தெரியவே தெரியாது. தன் மனசுதான் பலவீனம் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. பயிற்சி வண்டிகளில் பக்கத்து இருக்கைக்கும் பிரேக் இருக்கும், பலவற்றில் கிளட்சும் இருக்கும். ஆபத்து வந்தால் வண்டியை நிறுத்தத்தான் அதை வைத்திருக்கிறார்கள். வண்டி குலுங்காமல் போனால் கற்பவருக்குச் சந்தோஷம், பயிற்சியாளருக்கும் வேலை சீக்கிரம் முடிகிறது. தேர்வுக் கட்டணம், காத்திருப்பு, மறுபடியும் வகுப்பு என்று இதன் செலவு முழுவதும் கற்பவர் தலையில் விழுகிறது. பல நாடுகளில் தேர்வு அதிகாரி பாதுகாப்புக்காக பிரேக்கைத் தொட்டுவிட்டாலே தேர்வு போய்விடும். ஒருவேளை அங்கே தப்பித்துத் தேர்ச்சி பெற்றாலும், தனியாக ஓட்டும் முதல் நாளில் பக்கத்து இருக்கை காலியாக இருக்கும்.

கண்டுபிடிப்பது எளிது. நீங்கள் மிதிக்காமலே பெடல் கீழே இறங்கினாலோ, திடீரென்று லேசாகிவிட்டாலோ, அங்கே இன்னொரு கால் வேலை செய்கிறது. இரண்டு பக்கத்துப் பெடல்களும் இணைந்திருப்பதால் அங்கே மிதித்தால் இங்கே இறங்கும். வெட்கப்படாமல் சொல்லுங்கள்: "சார், இன்னிக்குக் காலைக் கொஞ்சம் பின்னாடி வச்சுக்கோங்க, ஆஃப் ஆனா ஆகட்டும்."

அப்புறம் காலி இடத்தில் ஒரு பயிற்சி. ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல், முதல் கியரில், கிளட்சை மட்டும் மெல்ல விடுங்கள். ஓரிடத்தில் இன்ஜின் சத்தம் தாழும், வண்டி லேசாக அதிரும். அதுதான் ஹாஃப் கிளட்ச். அங்கே காலை நிறுத்திப் பிடித்தால் வண்டி தானாக ஊர ஆரம்பிக்கும். மறுபடி மிதித்து நிறுத்துங்கள். அந்த இடத்தைக் கால் தேடாமலே போய்ச் சேரும்வரை இதையே செய்யுங்கள். அந்தப் புள்ளி வண்டிக்கு வண்டி மாறும் என்பதால், தேர்வுக்கு எந்த வண்டியோ அதில்தான் கடைசி நாட்களில் பழக வேண்டும். ஏற்றத்தில் மட்டும் ஹாஃப் கிளட்சிலேயே காத்திருக்காதீர்கள். கிளட்ச் தட்டு சூடேறிக் கருகும் வாசனை வரும். ஹேண்ட் பிரேக் போட்டு நில்லுங்கள். கிளம்பும்போது கிளட்சை மெல்ல விட்டு, இன்ஜின் சத்தம் தாழ்ந்ததும் ஹேண்ட் பிரேக்கை விடுங்கள்.

வாய்க்கும் இதே கதைதான். "ரெண்டாவது போடு, இன்டிகேட்டர் போடு, கண்ணாடியைப் பாரு" என்று ஒருவர் சொல்லிக்கொண்டே இருந்தால், நீங்கள் ஓட்டவில்லை, சொன்னதைச் செய்கிறீர்கள். தேர்வு அதிகாரி எங்கே திரும்ப வேண்டும் என்பதை மட்டும் சொல்வார். ஆகவே கடைசிச் சில வகுப்புகளில் பயிற்சியாளரைப் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பேசுவது நீங்களாக இருக்கட்டும்: "முன்னால் சைக்கிள், வேகம் குறைக்கிறேன். வளைவு வருகிறது, இரண்டாவது கியர்." நீங்கள் பார்க்கத் தவறியது எது என்று பக்கத்தில் இருப்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

தேர்வுப் பாதையை மனப்பாடம் செய்வது

வேண்டாம். பாதை தெரிந்தவர் சாலையைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார். தெரியாத தெருக்களில்தான் கண் விழித்திருக்கும்.

கண்ணாடியை அதிகாரிக்காகப் பார்ப்பது

"தலையை நன்றாகத் திருப்பு, அவருக்குத் தெரியட்டும்" என்று சொல்லித் தருகிறார்கள். கழுத்து திரும்புகிறது, கண் எதையும் பார்ப்பதில்லை. பின்னால் ஒரு பைக் ஒட்டி வருவது கண்ணாடியில் தெரிந்தும் ஒருவர் சட்டென்று பிரேக் அடித்தால், அவர் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். அதிகாரிக்கு அது புரியும். வேகம் குறைக்கும் முன், இன்டிகேட்டர் போடும் முன், பக்கவாட்டில் நகரும் முன் பாருங்கள். பார்த்ததற்கேற்ப ஏதாவது செய்யுங்கள். கிளம்பும் முன்பும் தடம் மாறும் முன்பும் தோளுக்கு மேல் ஒரு பார்வை கட்டாயம். கண்ணாடிக்குள் வராத இடம் எல்லா வண்டியிலும் உண்டு.

அதற்காகக் கண்ணாடியிலேயே நிலைத்துவிடவும் கூடாது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடிக்குள் வண்டி ஏறத்தாழ 14 மீட்டர் போய்விடும்.

ஊர்ந்து போனால் பாதுகாப்பு என்று நினைப்பது

சாலை காலியாக இருக்கும்போது காரணமில்லாமல் ஊர்வதும் பிழைதான்.

ரிவர்ஸுக்கு அடையாளப் புள்ளி வைத்துக்கொள்வது

"அந்தக் கம்பம் பின்கண்ணாடியின் ஓரத்துக்கு வந்ததும் ஸ்டீயரிங்கை முழுசாகத் திருப்பு." இந்தச் சூத்திரம் அந்த இடத்துக்கும், அந்த வண்டிக்கும், அன்றைய இருக்கை உயரத்துக்கும் மட்டுமே பொருந்தும். இருக்கையைக் கொஞ்சம் நகர்த்தினாலே கம்பம் வேறிடத்தில் தெரியும். ரிவர்ஸில் திருப்பும்போது பின்பகுதி உள்ளே போகும், முன்பகுதி எதிர்ப்பக்கம் வெளியே வீசும். இதைப் புரிந்துகொண்டால் எங்கும் நிறுத்தலாம். பின்னால் மட்டுமே பார்த்துக்கொண்டு முன்மூலையை இடிப்பவர்கள்தான் அதிகம். வண்டி மெல்ல நகரட்டும், கை வேகமாகத் திருப்பட்டும். புரியவில்லை என்றால் நிறுத்திச் சுற்றிப் பாருங்கள்.

புதுச் செருப்பு, புதுக் காலணி

தேர்வன்று கூடாது.

ஒரு பிழை நடந்ததும் மனசை விட்டுவிடுவது

வண்டி ஆஃப் ஆனதும் பலர் "போச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்தப் பதற்றத்தில் கியரில் இருக்கும்போதே சாவியைத் திருப்ப, வண்டி குதிக்கிறது. ஆஃப் ஆனதை விட அதற்குப் பிறகு நடப்பதுதான் பெரும்பாலும் ஆளைக் கவிழ்க்கிறது. பிரேக்கை மிதியுங்கள், ஹேண்ட் பிரேக் போடுங்கள், நியூட்ரலுக்கு வாருங்கள், ஸ்டார்ட் செய்யுங்கள். சுற்றிலும் பார்த்துவிட்டு அப்புறம் கிளம்புங்கள். பின்னால் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும்.

அதிகாரி சொன்ன திருப்பத்தைத் தவறவிட்டாலும் சட்டென்று ஸ்டீயரிங்கை வெட்டாதீர்கள். போகிற சாலையிலேயே ஒழுங்காகப் போங்கள். அவர் வேறு வழி சொல்வார். சொன்னது காதில் விழவில்லை என்றால் "மறுபடி சொல்லுங்க சார்" என்று கேட்டுவிடுங்கள்.