வேடந்தாங்கலில் வெள்ளைக் கொக்குகளைப் பிரித்தறிவது எப்படி

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, ஏரி நிரம்பியிருக்கும் ஆண்டாகப் பார்த்துப் போங்கள். 8x42 பைனாகுலர் (8 மடங்கு பெரிதாக்கும், முன்வில்லை 42 மி.மீ.) போதும். 10x கையில் ஆடும். முதலில் வலக்கண்ணை மூடி நடுச்சக்கரத்தால் இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடக்கண்ணை மூடி, வலப்பக்கக் கண்வில்லையின் வளையத்தைத் திருப்புங்கள் (பெரும்பாலான மாடல்களில் அது அங்கேதான் இருக்கும்). இதைச் செய்யாமல் ‘பைனாகுலர் மங்கல்’ என்பவர்களே அதிகம்.

முதலில் கொக்கு அல்லாதவற்றைக் கழித்துவிடுங்கள். அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், நத்தைகுத்தி நாரை மூன்றும் கழுத்தை நீட்டிப் பறக்கும். கொக்கு கழுத்தை மடித்துக்கொள்ளும். மடையானும் பறக்கும்போது சிறகு பளீரென வெள்ளையாகத் தெரிந்து ஏமாற்றும். அதன் முதுகு பழுப்பு.

அலகும் காலும் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள் என்றால் சின்னக்கொக்கு. சேற்றில் நிற்கும்போது பாதம் தெரியாது, அது காலைத் தூக்கும்வரை காத்திருங்கள். குட்டையான மஞ்சள் அலகு, தாடை புடைத்த முகம், குறுகிய கழுத்து என்றால் உண்ணிக்கொக்கு. இனப்பெருக்க காலத்தில் தலையும் கழுத்தும் ஆரஞ்சு பூசியதுபோல் மாறும்.

சிக்கல் நடுத்தரக் கொக்குக்கும் பெரிய கொக்குக்கும் இடையில்தான். ‘மஞ்சள் அலகு’ என்று குறித்து வைத்தால் பயனில்லை, கூடு கட்டும் காலத்தில் இரண்டுக்கும் அலகு கறுத்துவிடும். உயரத்தையும் நம்ப வேண்டாம். பக்கத்தில் ஒப்பிட வேறொரு பறவை இல்லாவிட்டால் கண் தவறும். வாய்க்கோட்டைப் பாருங்கள். அலகு பிளக்கும் அந்தக் கோடு கண்ணுக்கு நேர் கீழே முடிந்தால் நடுத்தரக் கொக்கு. கண்ணைத் தாண்டிப் பின்னால் கூராக நீண்டால் பெரிய கொக்கு. பெரிய கொக்கின் கழுத்து உடலைவிட நீளம், நடுவில் ஒடிந்ததுபோல் ஒரு வளைவும் இருக்கும். மெல்லிய அலங்கார இறகுகள் முதுகில் மட்டும் என்றால் பெரிய கொக்கு, மார்பிலும் தொங்கினால் நடுத்தரக் கொக்கு.

வாய்க்கோடு தெரிய வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பவர்கள் கேமராவில் எக்ஸ்போஷர் திருத்தத்தை (படத்தின் வெளிச்ச அளவை) −0.7 அல்லது −1 வையுங்கள். இல்லாவிட்டால் வெள்ளை வெளிறி முகம் கரைந்துவிடும். ஸ்கோப் (முக்காலியில் வைக்கும் தொலைநோக்கி) வைத்திருந்தாலும் வெயில் ஏறினால் கானலில் உருவம் நடுங்கும், அப்போது உருப்பெருக்கத்தைக் குறையுங்கள்.

கரையை விட்டு இறங்காதீர்கள். தாய்ப்பறவை எழுந்தால் காகம் முட்டையைத் தூக்கிவிடும். தூரம் அதிகமாகி வகை பிடிபடாவிட்டால், இ-பேர்டில் (பறவைகளைப் பார்த்ததைப் பதியும் இணையதளம்) ‘வெள்ளைக் கொக்கு, வகை தெரியவில்லை’ என்று பதியும் வசதி உண்டு. ஊகித்து ஒரு பெயரைப் போடுவதைவிட அதுவே மேல்.