சேலத்தில் முதல் ஏ.ஏ. கூட்டத்துக்குப் போவது எப்படி

காலையில் ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் கை நடுக்கம் நிற்கும் என்கிற நிலையில் இருப்பவர், குடியை விட உதவும் இந்த ஏ.ஏ. கூட்டத்தைத் தேடுவதற்கு முன் டாக்டரைப் பார்க்க வேண்டும். தினமும் நிறையக் குடித்த உடம்பு ஒரேயடியாக நிறுத்தினால், 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாள் கழித்து, இல்லாத ஆள் தெரிகிறது, உடம்பில் பூச்சி ஊர்கிறது என்று உளற ஆரம்பித்தால் உயிருக்கே ஆபத்து, உடனே 108-ஐ அழையுங்கள்.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் ஓ.பி. சீட்டு போட்டுக் காட்டலாம். எத்தனை வருடமாக, ஒரு நாளைக்கு எவ்வளவு, கடைசியாகக் குடித்தது எப்போது, முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா என்று கேட்பார்கள். வெட்கப்பட்டுக் குறைத்துச் சொன்னால் மருந்தின் அளவும் குறைந்துபோகும், பிறகு வீட்டில் நடுராத்திரியில் அவதி.

உடம்பு ஒரு நிலைக்கு வந்ததும் கூட்டம். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் ஒருவரையொருவர் தாங்கிப் பிடித்ததில் தொடங்கியது. சேருவதற்கு ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். கட்டணமும் இல்லை, விண்ணப்பமும் இல்லை. காணிக்கைத் தட்டோ பையோ சுற்றி வரும். புதிதாக வந்தவர் அதில் எதுவும் போட வேண்டியதில்லை.

இந்திய ஏ.ஏ. இணையதளத்தில் ஊர்வாரியாகக் கூட்டம் தேடலாம். இணையம் பழக்கமில்லை என்றால் 14446 என்ற தேசிய போதை மீட்பு உதவி எண்ணிலோ, 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணிலோ கேட்கலாம். ஆனால் பட்டியலில் பார்த்த முகவரியை நம்பி நேரே கிளம்பிவிடாதீர்கள். முதல் முயற்சி பாழாவது பெரும்பாலும் இங்கேதான். நாள் மாறியிருக்கும், அறை மாறியிருக்கும், கேட் பூட்டியிருக்கும். மனதைத் திடப்படுத்திக்கொண்டு வந்தவர், வந்த வழியிலேயே டாஸ்மாக்குக்குத் திரும்பிவிடுவார். அதனால் அந்தக் குழுவின் தொடர்பு எண்ணில் முதலில் பேசுங்கள். எடுப்பவரும் குடியிலிருந்து மீண்ட உறுப்பினர்தான், சம்பளத்துக்கு உட்கார்ந்திருப்பவர் அல்ல. பகலில் வேலையில் இருக்கலாம், சாயங்காலம் மறுபடி முயலுங்கள். இந்த வாரம் கூட்டம் நடக்கிறதா, எத்தனை மணிக்கு, எந்த கேட் வழியாக வரவேண்டும், திறந்த கூட்டமா மூடிய கூட்டமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். “ஐந்து ரோட்டில் இறங்கி நிற்கிறேன், யாராவது வந்து கூட்டிப் போவீர்களா?” என்றும் தாராளமாகக் கேட்கலாம். புதியவரை அழைத்து வருவதை அவர்கள் தங்கள் வேலையாகவே வைத்திருக்கிறார்கள்.

மூடிய கூட்டம் குடிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும். மனைவியோ அண்ணனோ துணைக்கு வருவதானால் திறந்த கூட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். பெண்கள், பெண் உறுப்பினர் யாராவது வருவார்களா என்று போனிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

இடம் பெரும்பாலும் சர்ச் வளாகத்து அறையாகவோ பள்ளி வகுப்பறையாகவோ இருக்கும். அதை வைத்து மதம் மாற்றுகிறார்கள் என்று நினைத்துத் திரும்பியவர்கள் உண்டு. அறை கிடைத்தது அங்கே, அவ்வளவுதான். பிரார்த்தனை இருக்கும். ஆனால் எந்தக் கடவுள் என்பது அவரவர் பாடு.

பத்து நிமிடம் முன்னதாகப் போங்கள். கூட்டம் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் நடக்கும். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் குறுக்கே பேசமாட்டார்கள், புத்திமதியும் சொல்லமாட்டார்கள். உங்கள் முறை வந்தால் பெயரை மட்டும் சொல்லி, “இன்றைக்குக் கேட்க வந்தேன்” என்றால் போதும். அப்பா பெயர், ஊர், சாதி, வேலை எதையும் சொல்லத் தேவையில்லை. தெரிந்த முகம் உட்கார்ந்திருந்தால் பதறாதீர்கள், அவரும் அதே காரணத்துக்காகத்தான் வந்திருக்கிறார். அங்கே பார்த்ததையும் கேட்டதையும் வெளியே பேசுவதில்லை என்பது அடிப்படை வழக்கம்.

முடிந்ததும் உடனே கிளம்பிவிடாமல் டீ குடிக்கும்வரை நில்லுங்கள். இரண்டு மூன்று போன் எண்களாவது வாங்கிக்கொள்ளுங்கள். வாரக்கூலி கைக்கு வரும் சாயங்காலம் கால் கடைப்பக்கம் இழுக்கும்போது கூப்பிட அவைதான் உதவும். முதல் மூன்று மாதம் எவ்வளவு முடியுமோ அவ்வளவு கூட்டங்களுக்குப் போவது நல்லது. ஒரு குழு ஒத்துவரவில்லை என்றால் இன்னொன்றைப் பாருங்கள். ஒரே கூட்டத்தை வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

ஏற்காட்டிலிருந்து வருபவர்களுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகளோடு சுமார் 30 கிலோமீட்டர் மலைப்பாதை. மாலைக் கூட்டம் முடிந்து கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் இரவு முழுக்க பஸ் ஸ்டாண்டுதான், குடியை விட நினைப்பவருக்கு அது மோசமான இடம். கடைசி பஸ் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டே இறங்குங்கள். வர முடியாத வாரம், சிக்னல் நன்றாகக் கிடைக்கும் இடத்தில் உட்கார்ந்து ஆன்லைன் கூட்டத்தில் சேரலாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குடியை நிறுத்துவதற்காக டாக்டர் தரும் டைசல்ஃபிரம் மாத்திரையைச் சோற்றில் தெரியாமல் கலந்து கொடுக்காதீர்கள். அதன்மேல் அவர் குடித்தால் வாந்தி வரும், ரத்த அழுத்தம் சரியும், உயிரே போகலாம். குடும்பத்தாருக்கென்று அல்-அனான் என்ற தனிக் கூட்டம் இருக்கிறது, அவர் வராவிட்டாலும் நீங்கள் போகலாம்.

நடுவில் குடித்துவிட்டாலும் அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். குடிக்காத நாள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும், யாரும் வெளியே அனுப்பமாட்டார்கள்.