பிளேஆஃப்புக்கு முந்தின நாள் வாதம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூன் மாதம் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் பிளேஆஃப் (லீக் ஆட்டங்கள் முடிந்து கோப்பைக்கு நடக்கும் சுற்றுகள்) இறுதிச் சுற்றுக்கு வந்திருக்கும்போது, அங்கே இரவு ஆட்டம் என்றால் நமக்கு விடிகாலை ஐந்தரை, ஆறு மணி. அதற்கு முந்தின சாயங்காலம் பாளையங்கோட்டையில் கூடைப்பந்து கோர்ட் இருக்கிற பள்ளி, கல்லூரி மைதானம் எதற்குப் போனாலும், ஆடி முடித்து வியர்வை காய உட்கார்ந்திருப்பவர்கள் இதைத்தான் பேசிக்கொண்டிருப்பார்கள். யாரை யார் பிடிப்பது, ஸோன் (ஆளுக்கு ஆள் பிடிக்காமல் இடத்தைக் காப்பது) போடலாமா, அந்த உயரக்காரனை என்ன செய்வது. நம்மூர் அணியே அரையிறுதியில் நிற்கிறது என்றால் சத்தம் இன்னும் கூடும். இந்தப் பேச்சு எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆட்டத்தைப் பார்க்கிற சந்தோஷத்தில் பாதி இதில்தான் இருக்கிறது. அதனால்தான் அது உருப்படாமல் போகும்போது வருத்தமாக இருக்கிறது. பெரும்பாலும் அது கெடுவது ஒரே காரணத்தால். யோசனை சொல்கிறவர், அந்த யோசனைக்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்று சொல்வதே இல்லை.

"அண்ணாச்சி, அவன் ஒருத்தன்தான். ரெண்டு பேரைப் போட்டு அமுக்கிட்டா ஆட்டம் நம்ம கையில" என்று ஒருவர் ஆரம்பிப்பார். எல்லோரும் தலையாட்டுவார்கள். கோர்ட்டில் ஐந்து பேர்தானே இருக்கிறார்கள்? ஒருவர்மேல் இரண்டு பேர் போனால் மீதி நான்கு பேரை மூன்று பேர் பார்க்க வேண்டும். அப்படியானால் யாரைச் சும்மா விடப் போகிறோம்? அவன் எங்கே நின்று போடுவான், பந்து அவன் கைக்கு எத்தனை பாஸில் போகும்? இதைச் சொல்லாத யோசனையை அரைகுறை என்றுதான் சொல்ல வேண்டும்.

இதற்கு நல்ல உதாரணம் 2019 இறுதிச் சுற்றின் இரண்டாவது ஆட்டம். கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸில் கெவின் டுரான்ட் காயத்தால் ஆடவில்லை, நான்காவது கால்பகுதியில் கிளே தாம்சனும் காயத்தோடு வெளியே போய்விட்டார். டொரான்டோ ராப்டர்ஸ் பயிற்சியாளர் நிக் நர்ஸ் உடனே 'பாக்ஸ் அண்ட் ஒன்' போட்டார். நான்கு பேர் சதுரமாக நின்று இடத்தைக் காப்பார்கள், ஐந்தாமவர் வாரியர்ஸின் ஸ்டீபன் கரியை நிழல்போல ஒட்டிக்கொள்வார். பள்ளிக்கூட ஆட்டங்களில் பார்க்கிற தந்திரம் அது. என்பிஏ இறுதிச் சுற்றில் அதைப் பார்த்தவர்களுக்கு நம்ப முடியவில்லை. வாரியர்ஸ் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. வித்தியாசம் இரண்டு புள்ளியாகச் சுருங்கியது. கடைசியில் கரியை நெருக்கியபோது பந்து கைமாறி, ஆள் இல்லாமல் நின்ற ஆந்த்ரே இகுவோடாலாவிடம் போனது. அவர் போட்ட மூன்று புள்ளி விழுந்தது. வாரியர்ஸ் 109-104 என்று ஜெயித்தது.

இதை வைத்து 'பாக்ஸ் அண்ட் ஒன் தோற்றுப்போன திட்டம்' என்று சொல்பவர்களை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கரியை விடுவதா, இகுவோடாலாவை விடுவதா என்று கேட்டு நர்ஸ் தெரிந்தே இகுவோடாலாவை விட்டார். அந்த நேரத்தில் அதுதான் சரி. டொரான்டோ அந்தத் தொடரை 4-2 என்று வென்றது.

விலையைத் தெரிந்து கொடுப்பது எப்படி என்று இன்னும் தெளிவாகப் பார்க்க வேண்டுமானால் 2015க்குப் போக வேண்டும். இறுதிச் சுற்றில் வாரியர்ஸுக்கு எதிராகக் கிளீவ்லாந்து 2-1 என்று முன்னிலை. நான்காவது ஆட்டத்தில் வாரியர்ஸ் பயிற்சியாளர் ஸ்டீவ் கெர் ஏழடி ஆண்ட்ரூ போகட்டை உட்கார வைத்துவிட்டு, ஆறடி ஆறு அங்குல இகுவோடாலாவைத் தொடக்க ஐவரில் இறக்கினார். அந்த சீசனின் லீக் ஆட்டம் ஒன்றில்கூட இகுவோடாலா தொடக்க ஐவரில் இருந்ததில்லை. எதிரணியில் டிமோஃபி மோஸ்காவ் ஏழடிக்கு மேல். குட்டை ஐவர் இறங்கினால் அவர் கூடைக்கடியில் புகுந்து விளையாடுவார் என்று சின்னப் பையனுக்கும் தெரியும். அப்படியேதான் நடந்தது, மோஸ்காவ் 28 புள்ளி எடுத்தார். ஆனால் ஆட்டத்தின் வேகம் மாறிவிட்டது, வாரியர்ஸ் 103-82 என்று ஜெயித்தது. அடுத்த ஆட்டத்தில் கிளீவ்லாந்தே மோஸ்காவை பெரும்பாலும் பெஞ்சில் வைக்க வேண்டியதாயிற்று. தொடர் 4-2 என்று முடிந்து, இறுதிச் சுற்றின் சிறந்த வீரர் விருது இகுவோடாலாவுக்குக் கிடைத்தது. முந்தின நாள் நம் மைதானத்தில் யாராவது போகட்டை வெளியே வைக்கச் சொல்லியிருந்தால், "மோஸ்காவ் முப்பது அடிப்பாம்ல" என்று வாயை அடைத்திருப்போம். "அடிக்கட்டும், பதிலுக்கு நமக்கு என்ன கிடைக்கும்?" என்று திருப்பிக் கேட்க ஒருவர் அங்கே இருக்க வேண்டும்.

அடுத்தது ஃப்ரீ த்ரோ விஷயம், அதாவது ஃபவுல் செய்தால் எதிராளிக்குத் தடுப்பில்லாமல் கிடைக்கிற ஒரு புள்ளி ஷாட். "ஏல, அவன் ஃப்ரீ த்ரோ போட மாட்டாம்ல, பிடிச்சு ஃபவுல் பண்ணுங்கல" என்ற யோசனை ஒவ்வொரு பிளேஆஃப்பிலும் வரும். இதில் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். பத்துக்கு ஆறு போடுகிறவனை இரண்டு ஃப்ரீ த்ரோவுக்கு அனுப்பினால் சராசரியாக 1.2 புள்ளி கொடுக்கிறோம். இப்போதைய என்பிஏ அணிகளே பந்து கைக்கு வரும் நூறு வாய்ப்பில் 115 புள்ளி அளவில்தான் எடுக்கின்றன, அதாவது வாய்ப்புக்கு 1.15. அப்போது ஃபவுல் செய்வதால் என்ன லாபம்? நம் பள்ளி ஆட்டங்களில் ஒரு வாய்ப்புக்கு ஒரு புள்ளி தேறுவதே கஷ்டம். அங்கே இந்த யோசனை எதிரணிக்குத் தானமாகத்தான் முடியும். பத்துக்கு நான்கு, அதற்கும் கீழே என்றால் மட்டும் பேசலாம். அதுவும் அன்றைக்கு ஒருவன் எப்படிப் போடுவான் என்பது வேறு விஷயம். மில்வாக்கியின் யானிஸ் அன்டெடோகும்போ 2021 பிளேஆஃப்பில் ஏறக்குறைய பத்துக்கு ஆறுதான் போட்டார். கோப்பையை முடிவு செய்த ஆறாவது ஆட்டத்தில் 19க்கு 17 போட்டு, மொத்தம் 50 புள்ளி எடுத்தார்.

விதிகளைக் கலந்து பேசுவது நம் பக்கத்தில்தான் அதிகம், ஏனென்றால் நாம் பார்ப்பது என்பிஏ, ஆடுவது சர்வதேசக் கூடைப்பந்து சம்மேளனமான ஃபிபாவின் விதி. டிவியில் பார்த்ததை அப்படியே மைதானத்துக்குக் கொண்டுவந்தால் திட்டமே தப்பாகிவிடும். என்பிஏவில் தடுப்பவர் யாரையும் ஒட்டிப் பிடிக்காமல் கூடைக்கு முன்னால் உள்ள பெயிண்டில் மூன்று விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது. ஃபிபாவில் அந்தத் தடை இல்லை. நெட்டையான பையன் ஒருவன் ஆட்டம் முழுக்க அங்கேயே நிற்கலாம். ஆகவே, ஐந்து பேரும் வெளியே விரிந்து நின்று நடுவில் வழிவிட்டு உள்ளே ஓட்டுகிற என்பிஏ முறை இங்கே அதே மாதிரி திறக்காது. முதலில் அந்த நெட்டையனை வெளியே இழுக்கிற வழியைப் பேச வேண்டும். ஒரு வீரருக்கு அங்கே ஆறு ஃபவுல், இங்கே ஐந்து. ஆட்டம் அங்கே 48 நிமிடம், இங்கே 40. பந்தை விளையாடவே முயலாமல் ஆளைக் கட்டிப் பிடித்தால் இங்கே அன்ஸ்போர்ட்ஸ்மேன்லைக் ஃபவுல் கொடுப்பார்கள். இரண்டு ஃப்ரீ த்ரோவும் போய், பந்தும் அவர்களுக்கே போகும். நம் பையன் பந்தோடு மூலையில் மாட்டிக்கொள்ளும்போது "டைம் அவுட் கேளுங்க சார்" என்று கோச்சைப் பார்த்துக் கத்துவதும் அந்த வகைதான். பந்து ஆட்டத்தில் இருக்கும்போது ஃபிபாவில் டைம் அவுட் கிடைக்காது. பந்து நின்றபோதோ, எதிரணி கூடை போட்டபோதோதான் கிடைக்கும்.

இன்னொன்று, ஏழு ஆட்டத் தொடரையும் ஒற்றை ஆட்டத்தையும் ஒன்றாக நினைப்பது. நம்மூரில் நடப்பது பெரும்பாலும் லீக்-கம்-நாக்அவுட். அரையிறுதி என்றால் ஒரே ஆட்டம், தோற்றால் வீட்டுக்கு. கெர் நான்காவது ஆட்டத்தில் மாற்றினார் என்றால் அவருக்கு முன்னால் மூன்று ஆட்டம் பார்த்த அனுபவம் இருந்தது. 2011இல் டல்லாஸும் 2-1 என்று பின்தங்கிய பிறகு நான்காவது ஆட்டத்தில்தான் ஜோஸே பாரியாவைத் தொடக்க ஐவரில் இறக்கியது, அப்புறம் மயாமியை 4-2 என்று வென்றது. நமக்கு நான்காவது ஆட்டம் கிடையாது. முதல் கால்பகுதி பத்து நிமிடம், அப்புறம் இரண்டு நிமிட இடைவேளை. அதற்குள் பார்த்து, அதற்குள் மாற்ற வேண்டும். ஆகவே முந்தின நாள் பேசவேண்டிய முக்கியமான கேள்வி: முதல் கால்பகுதி முடிவில் இது எடுபடவில்லை என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வோம், தெரிந்தால் எதற்கு மாறுவோம்?

லீக் ஆட்டங்களின் புள்ளிவிவரத்தை வைத்து அடித்துப் பேசுவதும் ஆபத்து. பலவீனமான அணியை நாற்பது புள்ளியில் ஜெயித்ததும் அந்தச் சராசரியில் சேர்ந்திருக்கும். 2023இல் மில்வாக்கி லீக்கில் 58 வெற்றியோடு முதலிடம். முதல் சுற்றிலேயே எட்டாம் இடத்து மயாமியிடம் 4-1 என்று தோற்றது. யானிஸுக்கு முதுகில் அடிபட்டதும் ஒரு காரணம்தான். ஆனால் ஜிம்மி பட்லரை யார் பிடிப்பது என்பதற்கு மில்வாக்கியிடம் பதில் இல்லை, ஒரே ஆட்டத்தில் அவர் 56 புள்ளி எடுத்தார். சராசரியைவிட, எதிரணியின் லீக் ஆட்டம் ஒன்றை நேரில் பார்த்தவர் சொல்கிற நாலு விஷயம் பெரிது. பாயிண்ட் கார்டு (பந்தை ஓட்டி ஆட்டத்தை நடத்துபவன்) இடது கையால் ஓட்டுவானா, இரண்டு பேர் நெருக்கினால் பந்தை எங்கே தள்ளுகிறான், மாற்று ஆட்டக்காரர்கள் எத்தனை பேர் உண்மையில் இறங்குகிறார்கள். அவரை முதலில் பேச விடுங்கள்.

நம் சீமைக்கே உரிய ஒன்றைப் பேசாமல் விட்டுவிடுகிறோம். ஆனி, ஆடியில் ஆரியங்காவு கணவாய் வழியாகத் தென்காசி, கடையநல்லூர் பக்கமும், ஆரல்வாய்மொழி வழியாகப் பணகுடி, வள்ளியூர் பக்கமும் அடிக்கிற காற்று திறந்தவெளி கோர்ட்டில் ஆறாவது ஆட்டக்காரன். 'ஸோனா, மேன்-டு-மேனா' என்று மணிக்கணக்கில் வாதாடுகிறவர்கள், கோர்ட் எந்தத் திசையில் நீள்கிறது என்று ஒரு தடவைகூடக் கேட்பதில்லை. காற்று கோர்ட்டின் நீளவாக்கில் அடித்தால், இரண்டு அணிக்கும் ஒரு பாதி எதிர்காற்று, ஒரு பாதி பின்காற்று. இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறும். எதிரணி எதிர்காற்றில் போடுகிற பாதியில் தூரத்து ஷாட் குறைந்து விழும். அந்தப் பாதியில் ஸோன் போட்டு உள்ளே அடைத்துக்கொள்ளலாம். மறு பாதியில் ஆளைப் பிடிக்கலாம். கூடவே சாரல் விழுந்தால் சிமென்ட் தரை வழுக்கும். அப்போது முழு கோர்ட் பிரஸ் (கோர்ட் முழுக்க எதிராளியை நெருக்கித் துரத்துவது) என்று பையன்களை ஓடவிடுவது கணுக்காலுக்குக் கேடு. அந்த யோசனையை யார் சொன்னாலும் தடுக்க வேண்டும்.

முடிவை வைத்து யோசனையை எடைபோடுவது ஆட்டத்துக்கு மறுநாள் வருகிற தவறு, ஆனாலும் அடுத்த ஆட்டத்து வாதத்தைக் கெடுப்பது அதுதான். "நான் அப்பவே சொன்னேம்லா" என்பவர் அடுத்த தடவை இரண்டு மடங்கு சத்தமாகப் பேசுவார். 2013 இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மயாமிக்கு எதிராகச் சான் அன்டோனியோ 3-2 முன்னிலையில் இருக்கிறது. ஆட்டத்தில் 95-92, கடைசி விநாடிகள். மூன்று புள்ளி ஷாட்டைத் தடுக்க, வேகமாக ஆள் மாற்றிப் பிடிக்கக்கூடியவர்கள் வேண்டும் என்று அதன் பயிற்சியாளர் கிரெக் பாப்போவிச் நெட்டையான டிம் டங்கனை பெஞ்சில் உட்கார வைத்தார். மயாமியின் லெப்ரான் போட்டது தவறியது. கூடையில் பட்டுத் திரும்பிய பந்தை, அதாவது ரீபவுண்டை, கிறிஸ் பாஷ் பிடித்து ரே ஆலனிடம் கொடுக்க, 5.2 விநாடி மிச்சமிருக்கையில் ஆலன் சமன் செய்தார். மயாமி கூடுதல் நேரத்தில் ஜெயித்தது, ஏழாவது ஆட்டத்தையும் ஜெயித்தது. டங்கன் இருந்திருந்தால் ரீபவுண்ட் கிடைத்திருக்கும் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் டங்கன் நின்று, அவர் பிடிக்க வேண்டிய ஆள் வெளியே தனியாக நின்று போட்டிருந்தால், "ஏன் டங்கனை வைத்திருந்தார்" என்று இதே ஆட்கள் கேட்டிருப்பார்கள். முதல் ஷாட் தவறியதே, அப்படியானால் திட்டத்தின் முதல் பாதி பலித்தது. ரீபவுண்டை விலையாக வைத்த திட்டம் அது, அந்த விலை அன்றைக்கு வந்து விழுந்தது. டங்கனை வெளியே எடுத்தது தப்பு என்று வாதாடலாம், நானும் அந்தப் பக்கம்தான். ஆனால் அதற்குக் காரணம், மூன்று புள்ளி ஷாட்டில் பாதிக்கு மேல் தவறும், எனவே ரீபவுண்ட் வரும் என்பது முன்பே தெரிந்த விஷயம் என்பதுதான். ஆலன் போட்டார் என்பது காரணம் ஆகாது.

ஹூஸ்டன் 2018இல் 65 வெற்றி எடுத்த அணி. மேற்கு மண்டல இறுதியின் ஏழாவது ஆட்டத்தில் தொடர்ந்து 27 மூன்று புள்ளி ஷாட்டைத் தவறவிட்டு, மொத்தம் 44க்கு 7 போட்டு வீட்டுக்குப் போனது. அதையும் இதே கண்ணால் பார்க்கலாம். ஷாட் விழவில்லை என்பதோடு நிற்காமல், அவை ஆள் இல்லாமல் கிடைத்தவையா, கிறிஸ் பால் காயத்தால் இல்லாதபோது வேறு வழி இருந்ததா என்று பேசினால் வாதம் முன்னே நகரும்.

கடைசியாக, நம்மூர் ஆட்டம் என்றால் இந்த வாதத்தை ஆடப்போகிற பையன்கள், பிள்ளைகள் காதில் விழும்படி வைத்துக்கொள்ளக் கூடாது. பதினாறு வயதுப் பையனிடம் முந்தின நாள் ராத்திரி போன் போட்டு, "நாளைக்கு நீ ரைட்ல போகாத, லெஃப்ட்ல போ, உங்க சார் சொல்லுததைக் கேக்காத" என்று சொல்கிற அண்ணன்மார் இருக்கிறார்கள். பாசத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் கோர்ட்டில் அரை விநாடி யோசித்தால் பந்து போய்விடும். இரண்டு பேர் சொன்னது தலையில் இருந்தால் அந்த அரை விநாடி கட்டாயம் போகும். சொல்ல நல்ல விஷயம் இருந்தால், எதிரணி லீக்கில் ஆடியதைப் பார்த்திருந்தால், முந்தின நாள் சாயங்காலப் பயிற்சி தொடங்குவதற்கு முன் கோச்சிடம் போய்ச் சொல்லுங்கள். அதன் விலையையும் சேர்த்துச் சொல்லுங்கள். எடுப்பதும் விடுவதும் அவர் பாடு.