ஓவனில் வெள்ளை மீன்: முதலில் ஈரத்தைத் துடையுங்கள்

காட், திலாப்பியா மாதிரி வாடை அதிகம் இல்லாத வெள்ளை மீன், வேலை முடிந்து களைத்து வரும் இரவுகளுக்கு ரொம்ப வசதி. ஓவனை 200 டிகிரி செல்சியஸில் சூடாக விட்டுவிட்டு, மீன் துண்டுகளை டிஷ்யூ தாளால் ஒற்றி எடுங்கள். இதில் மட்டும் சோம்பல் வேண்டாம். ஈரம் இருந்தால் மீன் ஆவியில் வெந்து, தட்டில் தண்ணீர் விட்டுவிடும். உறைந்த மீன் என்றால் ஃப்ரிட்ஜில் வைத்து முழுசாக உருகிய பிறகு துடைக்கலாம்.

உருக்கிய வெண்ணெய், நசுக்கிய பூண்டு, உப்பு, மிளகு போதும். மசாலாவை அள்ளிப் பூசினால் இந்த மீனின் ருசியே தெரியாது. வால் பக்கம் மெல்லியதாக இருக்கும். அதை அடிப்பக்கமாக மடித்து வைத்தால் ஒரே சீராக வேகும்.

2.5 சென்டிமீட்டர் கனத்துக்கு 10 முதல் 12 நிமிடம். ஆனால் 8-வது நிமிடத்திலேயே ஒரு முறை பாருங்கள். நடுவில் முள்கரண்டியைக் குத்தி லேசாகத் திருப்பும்போது, கண்ணாடிப் பளபளப்பு போய் சதை இதழ் இதழாகப் பிரிந்தால் எடுத்துவிடலாம். தெர்மாமீட்டர் இருந்தால் மீனின் நடுவில் 63 டிகிரி காட்ட வேண்டும். எலுமிச்சைச் சாறு பிழிவது மீனை இறக்கிய பிறகுதான். கூடவே உருளைக்கிழங்கும் வேண்டுமானால் அது அரை மணி நேரம் முன்பே ஓவனுக்குள் போயிருக்க வேண்டும்.