வாங்காத கடனுக்குச் சம்பள ஜப்தி: முதல் மாதத்தில் செய்யும் தவறுகள்

மீன்பிடித் தடைக்கால நிவாரணம், சிம் கார்டு, குழுக்கடன் என்று ஆதார் நகல் கைமாறாத வீடு ராமநாதபுரம் கடற்கரையில் மண்டபம் முதல் தொண்டி வரை கிடையாது. அந்த நகலை வைத்து யாரோ கடன் வாங்கிய சேதி, பல வருடம் கழித்துச் சம்பளச் சீட்டில் 'நீதிமன்றப் பிடித்தம்' என்ற வரியாக வந்து சேரும். அதன்பின் ஒவ்வொருவரும் அதே தவறுகளைத்தான் செய்கிறார்கள்.

சம்பளப் பிரிவோடு சண்டை

வீண். உத்தரவு வந்தபின் பிடிக்காமல் விட்டால் நிறுவனமே அந்தத் தொகைக்குப் பொறுப்பு. உத்தரவின் நகலை மட்டும் கேட்டு வாங்குங்கள். அசல் வழக்கு எண், ஈ.பி. எண் (டிக்ரியை நிறைவேற்றக் கேட்ட மனுவின் எண்), டிக்ரி (தீர்ப்பாணை) கொடுத்த நீதிமன்றம் ஆகிய மூன்றும் வேண்டும்.

தவறான நீதிமன்றத்தில் மனுப் போடுவது

ஆளைக் கவிழ்ப்பது இதுதான். கடன் நிறுவனம் சென்னையிலோ மதுரையிலோ வழக்குப் போட்டு, நீங்கள் ஆஜராகாததால் ஒருதலைப்பட்சமாக டிக்ரி வாங்கியிருக்கும். சம்பளம் தரும் இடம் ராமநாதபுரம் என்பதால் டிக்ரியை இங்கே மாற்றி ஜப்தி கேட்கும். உத்தரவு இங்கிருந்து வந்ததால் எல்லோரும் இங்கேயே ஓடி, "இந்தக் கடனை நான் வாங்கவில்லை" என்று ஆட்சேபணை போடுகிறார்கள். நிறைவேற்றும் நீதிமன்றம் டிக்ரி சரியா தப்பா என்று பார்க்காது. அதற்கு அந்த அதிகாரமே இல்லை. நாலு வாய்தாவுக்குப் பிறகு மனு தள்ளுபடியாகும். தடுத்திருக்கக்கூடிய இழப்பு என்பதால்தான் ஒவ்வொரு முறையும் ஆத்திரம் வருகிறது.

உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 9, விதி 13-ன்படி ரத்து மனுவை டிக்ரி கொடுத்த நீதிமன்றத்திலேயே போட வேண்டும். சம்மன் முறையாகச் சேராதவருக்கு, டிக்ரி பற்றித் தெரியவந்த நாளிலிருந்து 30 நாள் கெடு. உத்தரவு நகல் கைக்கு வந்த அன்றே அந்தக் கணக்கு ஓடத் தொடங்கிவிடும். தாண்டினால் தாமத மன்னிப்பு மனு வேண்டும். டிக்ரித் தொகையில் ஒரு பகுதியைக் கட்டச் சொல்லவும் கூடும்.

அதே வாரம் நகல் மனுப் போட்டு பிராது (கடன் நிறுவனம் போட்ட வழக்கு மனு), டிக்ரி, சம்மன் சேர்ப்பு அறிக்கை மூன்றையும் வாங்குங்கள். அறிக்கைதான் உயிர். 'கதவில் ஒட்டப்பட்டது' என்ற தேதியில் நீங்கள் சவுதியில் இருந்திருந்தால் பாஸ்போர்ட் முத்திரை போதும். முகவரியே வேறு என்றால் குடும்ப அட்டை. ரத்து மனுவோடு தடை மனுவும் போடுங்கள். இங்குள்ள நீதிமன்றத்தில் கட்டளை 21, விதி 26-ன் கீழ், அங்கே போய் உத்தரவு வாங்கும்வரை தற்காலிகத் தடை கேட்கலாம்.

டிக்ரிக்குப் பதில், நீதிமன்றத்துக்கு வெளியே நடுவர் (ஆர்பிட்ரேட்டர்) தந்த தீர்ப்பு என்றிருந்தால் பாதை வேறு: 1996-ஆம் ஆண்டு நடுவர் தீர்வு மற்றும் சமரசச் சட்டம், பிரிவு 34-ன் கீழ் ரத்து மனு. தீர்ப்பு நகல் கிடைத்ததிலிருந்து மூன்று மாதம், தக்க காரணம் இருந்தால் மேலும் 30 நாள், அவ்வளவுதான்.

பிடித்தத் தொகையைச் சரிபார்க்காதது

உரிமையியல் நடைமுறைச் சட்டப் பிரிவு 60-ன்படி சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயையும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடக்கூடாது. கணக்கில் வரும் சம்பளம் 22,000 என்றால் 7,000-க்கு மேல் பிடிக்க முடியாது. மொத்தம் 24 மாதம் பிடித்தபின் அந்த டிக்ரிக்காக மறுபடி பிடிக்க முடியாது. கூலித் தொழிலாளியின் கூலிக்கு ஜப்தியே கிடையாது. ஐஸ் பிளாண்டில் சுமை தூக்குபவர் இதைச் சொல்லி மனுப் போட வேண்டும்.

"ஐயாயிரம் கட்டுங்கள், முடித்துவிடலாம்"

கடன் நிறுவனத்தின் ஆள் இப்படிச் சொன்னால் கட்டாதீர்கள். கடனை ஒப்புக்கொண்டீர்கள் என்பதற்கு அந்த ரசீதே சாட்சியாகிவிடும்.

போலீஸ் புகாரோடு நிற்பது

எஃப்.ஐ.ஆர். ஜப்தியை நிறுத்தாது. ஆனால் ரத்து மனுவுக்குப் பலம் சேர்க்கும். தகவல் தொழில்நுட்பச் சட்டப் பிரிவு 66சி-யைக் குறிப்பிட்டுப் புகார் கொடுத்து, புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். பதியாவிட்டால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள். கடன் விண்ணப்பம், அடையாள நகல்கள், பணம் போய்ச் சேர்ந்த வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றை நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். அந்தக் கணக்கு உங்களுடையதல்ல என்பதுதான் வலுவான ஆதாரம்.

வேலையை விடுவது

விட்டாலும் தப்ப முடியாது. டிக்ரிக்கு 12 வருட ஆயுள்; அடுத்த வேலையின் சம்பளத்துக்கும் ஜப்தி வரும்.

வக்கீலுக்குக் காசில்லை என்று இருப்பது

சட்ட உதவி எண் 15100-க்கு அழையுங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு.

ரத்தானதும் வீட்டுக்குப் போய்விடுவது

ரத்தானது டிக்ரி மட்டும்தான். வழக்கு மறுபடி உயிர்பெறும். நீதிமன்றம் தரும் கெடுவுக்குள் எதிர்வழக்குரை போட்டு, கையெழுத்து, முகவரி, பணம் பெற்றது எல்லாவற்றையும் தனித்தனியே மறுங்கள். மறுக்காமல் விட்டது ஒப்புக்கொண்டதாகிவிடும்.