பிளானரில் ஐந்தொகை போட இடம் இருக்கிறதா?

காரைக்குடியில் பலகாரம் செய்து விற்பது என் தொழில். ஆர்டர், சரக்கு, ஆள், வீடு எல்லாவற்றையும் மனதிலேயே வைத்துக்கொண்டு ஓட முடியாது என்று புரிந்த நாளிலிருந்து டைரி, பிளானர், செல்போன் ஆப் என்று மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறேன். பாதியில் நின்றவை ஏன் நின்றன என்பது இப்போது தெளிவாகத் தெரிகிறது. புதிதாக ஒன்று வாங்க நினைப்பவர்களுக்காக அதை எழுதுகிறேன்.

பெரிய தவறு, எழுத எத்தனை பக்கம் இருக்கிறது என்று மட்டும் பார்த்து வாங்குவது. இலக்குக்கு ஒரு பக்கம், நன்றி சொல்ல ஒரு பக்கம், தண்ணீர் குடித்ததைக் குறிக்க எட்டுக் கட்டம். எழுதியதைத் திரும்பிப் பார்த்து நேர் செய்ய இடம் உண்டா என்று யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை. இந்தப் பக்கத்திலிருந்து பர்மாவுக்கும் மலாயாவுக்கும் தொழில் செய்ய, எங்கள் சொல்லில் கொண்டுவிற்க, போனவர்களின் கணக்கை நினைத்துப் பாருங்கள். மூன்று வருடக் கணக்குக்குப் போன ஏஜென்ட் அன்றன்றைய வரவு செலவைச் சிட்டையில் எழுதுவார். அது பேரேட்டில் ஆள்வாரியாகப் பற்று வரவாக ஏறும். பிறகு ஐந்தொகை, அதாவது பற்று வரவு எல்லாவற்றையும் தொகுத்து நேர் பார்க்கும் கணக்கு, எடுத்து ஊரிலிருக்கும் முதலாளிக்கு அனுப்புவார். எங்கள் ஐயா பெட்டகத்தில் வைத்திருந்த பேரேடு ஒன்று என்னிடம் இருக்கிறது. தலைப்பில் பிள்ளையார் சுழி. தீர்ந்த கணக்கின் மேல் குறுக்காக ஒரு கோடு. தீராதது அடுத்த ஏட்டுக்குப் போகிறது, பழைய ஏட்டின் பக்க எண்ணோடு. அந்தரத்தில் நிற்கிற வரி ஒன்றுகூடக் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அடுப்பை அணைத்த பிறகு நானும் இதைத்தான் செய்கிறேன். வாரத்தில் எழுதிய ஒவ்வொரு வரியையும் பார்த்து, முடிந்ததற்குக் கோடு, வேண்டாததற்குப் பெருக்கல் குறி, மீதியை அடுத்த வாரத்துக்குக் கையால் எழுதுகிறேன். இருபது நிமிடம் பிடிக்கும். அமெரிக்கரான ரைடர் கரோல் உருவாக்கிய புல்லட் ஜர்னல் என்ற நோட்டு எழுதும் முறைக்கும் உயிர்நாடி இதுவே: முடியாத வேலை இன்னும் வேண்டுமா என்று கேட்டு, வேண்டுமென்றால் மட்டும் புதுப் பக்கத்துக்கு மாற்றி எழுதுவது. நம்மில் பலர் அந்த முறையிலிருந்து கலர் பேனாவையும் ஸ்டிக்கரையும் மட்டும் எடுத்துக்கொண்டோம்.

அடுத்தது, மூன்று இடத்தில் எழுதுவது. ஓர் அறுபதாம் கல்யாணத்துக்கு அதிரசம் கேட்டிருந்தார்கள். தேதி வாட்ஸ்அப்பில் இருந்தது; எத்தனை என்பதைச் சமையலறைக் காலண்டர் தாளின் ஓரத்தில் குறித்தேன். மறுநாள் காலை வழக்கம்போலத் தாள் கிழிபட்டது. அதிரச மாவு பாகோடு சேர்ந்து இரண்டு மூன்று நாள் ஊற வேண்டும். கடைசி ராத்திரி நினைவு வந்து என்ன செய்ய? அந்த வீட்டு ஆச்சி ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. எங்கே காதில் விழுந்தாலும் எழுதுவது ஒரே நோட்டில் என்று அன்றைக்கு வைத்துக்கொண்டேன்.

நேரத்தைக் குறைத்துப் போடுவதும் எல்லோருக்கும் உள்ளது. கனடாவில் மாணவர்களிடம் நடத்தி 1994-இல் வெளியான ஆய்வில், ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாள் போதும் என்றார்கள். பிடித்தது சுமார் 55 நாள். சீப்புச் சீடையில் எனக்கும் இதே கதை. அச்சில் பிழிவது சீக்கிரம் முடியும். பிழிந்ததை ஒவ்வொன்றாக விரலில் சுற்றி ஓரத்தை ஒட்டி எடுக்கிற நேரத்தை நான் கணக்கில் சேர்த்ததே இல்லை. இப்போது திட்டத்துக்குப் பக்கத்தில் உண்மையில் ஆன நேரத்தையும் எழுதுகிறேன். அடுத்த ஆர்டருக்கு அந்த எண்ணைத்தான் நம்புகிறேன், என் ஆசையை அல்ல.

“தொழிலைப் பெருக்கணும்” என்று முதல் பக்கத்தில் எழுதுவதால் ஒன்றும் நகராது. “செவ்வாய் காலை பத்து மணிக்குத் தேவகோட்டைக் கடைக்காரரிடம் மாதிரிப் பொட்டலம் கொடுப்பது” என்று நாள், நேரம், இடத்தோடு எழுதினால் நகரும்.

தேதி அச்சிட்ட பிளானர் நம் தொழிலுக்குப் பொருந்துமா என்றும் பாருங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை ஒரு காலாண்டு என்கிறது அது. நமக்கோ தை பிறந்தால் முகூர்த்தம்; ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை; ஆவணியிலிருந்து தீபாவளி வரை மூச்சு விட நேரமில்லை. தேதி இல்லாத நோட்டு வாங்கி, காலத்தை நாமே பிரித்துக்கொள்வது நல்லது. முதலில் நாற்பது பக்கப் பள்ளிக்கூட நோட்டிலேயே ஒரு முகூர்த்த மாதம் முழுவதும் ஓட்டிப் பாருங்கள். எந்தக் கட்டம் தேவை என்பது அப்போதுதான் தெரியும்.

இருபத்தொரு நாள் எழுதினால் பழக்கமாகிவிடும் என்பதையும் நம்பிவிடாதீர்கள். திருக்கார்த்திகையில் தொடங்கும் நம் பக்கத்துப் பிள்ளையார் நோன்பு 21 நாளில், நாளுக்கு ஒன்றாக 21 நூலிழையில் நிறைவடையும். பழக்கம் அப்படி வருவதில்லை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு செயல் தானாக வருவதற்கு நடுத்தரமாக 66 நாள் ஆனது; ஆளுக்கு ஆள் அது 18-இலிருந்து 254 வரை வேறுபட்டது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதையும் அதில் கண்டார்கள். ஆகவே வெற்றுப் பக்கங்களைப் பார்த்து மனம் விட்டுப் புது டைரி வாங்கப் போகாதீர்கள். ஆடி முழுவதும் எழுதாமல் விட்டிருந்தாலும், ஆவணி முதல் நாள் அடுத்த பக்கத்தில் ஒரு சுழி போட்டு, தேதி எழுதி, அன்றைய வேலையிலிருந்து தொடருங்கள்.