மலிவு விலை லைன் கவுன்டர் ரீல்: வாங்கும்போதும் லைன் ஏற்றும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளியே விட்ட லைனின் (தூண்டில் நூலின்) நீளத்தை எண்ணிக் காட்டும் கவுன்டர் பொருத்தியதுதான் லைன் கவுன்டர் ரீல். வட அமெரிக்காவின் ஈரி ஏரியில் வால்ஐ மீனுக்கும், மிச்சிகன், ஒன்டாரியோ ஏரிகளில் சினூக் சால்மனுக்கும் ட்ரோலிங் (ஓடும் படகின் பின்னால் தூண்டிலை இழுத்துப் பிடிப்பது) போகிறவர்களுக்கு ஒரு ரீல் பத்தாது. மிச்சிகன் மாநிலத்தில் ஒருவர் 3 லைன் வரை போடலாம். இரண்டு பேர் ஏறினால் படகில் 6 ராட் (தூண்டில் கம்பு). ஷிமானோ டெகோட்டா மாதிரி 200 டாலரைத் தாண்டும் ரீலில் ஆறு வாங்குவது எல்லாருக்கும் கட்டுப்படியாகாது. ஒகுமா மேக்டா ப்ரோ, டைவா அக்யூடெப்த் போன்ற விலை குறைந்த ரீல்கள் இந்த ஏரிகளில் அவ்வளவு படகுகளில் இருப்பது அதனால்தான். அந்த விலைக்கே வருடக்கணக்கில் உழைக்கும் ரீல் கிடைக்கும். காசு வீணாவது பெரும்பாலும் தேர்விலும் லைன் ஏற்றும் விதத்திலும்.

கவுன்டர் காட்டுவதை அடி என்று நம்புவது

எல்லாத் தவறுக்கும் தாய் இதுதான். ரீலின் மேல் இருக்கும் அந்த மூன்று இலக்கப் பெட்டி லைனை அளப்பதில்லை. ஸ்பூல் (லைன் சுற்றிய உருளை) எத்தனை சுற்று சுற்றியது என்று பல்சக்கரத்தால் எண்ணி, ஒரு சுற்றுக்கு இவ்வளவு அடி என்ற நிலையான கணக்கில் எண்ணைக் காட்டுகிறது. காத்தாடி விடும்போது லொட்டாய் நிறைய நூல் இருந்தால் ஒரு சுற்றுக்கு அதிக நூல் போகும், இளைத்துவிட்டால் குறைவாகப் போகும் அல்லவா, அதே கதை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நிறைந்த ஸ்பூலின் விட்டம் 50 மி.மீ. என்றால் ஒரு சுற்றுக்கு சுமார் 157 மி.மீ. லைன் வெளியேறும். 100 அடி போக 194 சுற்று தேவை. அதே ரீலில் லைன் குறைவாக ஏற்றி விட்டம் 42 மி.மீ. ஆகிவிட்டால், அதே 194 சுற்றில் வெளியே போவது 84 அடிதான். கவுன்டர் 100 காட்டும். கிராங்க்பெய்ட் என்ற மீன் வடிவ லூர் (செயற்கை இரை) எவ்வளவு ஆழம் இறங்கும் என்பது பின்னால் விட்ட நீளத்தைப் பொறுத்தது. 16 அடி குறைந்தால் லூர் மீன் கூட்டத்துக்கு மேலே, எட்டாத உயரத்தில் போகும். பக்கத்துப் படகுக்காரர் "நூற்றிருபதில் அடிக்கிறது" என்று ரேடியோவில் சொன்னதைக் கேட்டு நீங்களும் 120 விட்டு ஒன்றும் கடிக்காமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

லைனின் தடிமனும் இதில் விளையாடும். தடித்த லைன் வெளியே போகப் போக ஸ்பூல் சீக்கிரம் இளைக்கும், கவுன்டர் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். மெல்லிய பிரெய்டு (இழைகளைப் பின்னிய லைன்) போட்டால் ஸ்பூல் அவ்வளவாக இளைக்காது, அதனால் கவுன்டர் காட்டுவதைவிட அதிக லைன் வெளியே போயிருக்கும். 200 டாலர் ரீலிலும் இதே கதைதான். விலை கூடினால் கவுன்டர் துல்லியமாகும் என்று நினைத்துக் காசைக் கூட்டிப் போடாதீர்கள். ட்ரோலிங்கில் தேவைப்படுவது ஒருமுறை மீன் கடித்த அதே நீளத்துக்கு மறுபடி லூரை அனுப்ப முடிவது. மலிவு ரீலாலும் அது முடியும்.

ஆறு ரீல், ஆறு மாடல்

தள்ளுபடியில் கிடைத்தது ஒன்று, பழையது ஒன்று, நண்பர் கொடுத்தது ஒன்று என்று சேர்ப்பது சிக்கனம் மாதிரித் தெரியும். ஆனால் ஒரு ரீலின் 110 இன்னொரு ரீலின் 95-ஆக இருக்கும். ஒரு ராடில் கடித்ததும் மற்றவற்றையும் அதே நீளத்துக்கு மாற்ற வேண்டிய நேரத்தில் எல்லாம் குழம்பிப்போகும். ஒரே வேலைக்கான ரீல்கள் ஒரே மாடல், ஒரே அளவு, ஒரே லைன், ஒரே மட்டத்துக்கு நிறைத்தவையாக இருக்க வேண்டும். கையில் காசு குறைவென்றால் இந்த வருடம் ஒரே மாதிரி இரண்டு வாங்குங்கள், அடுத்த வருடம் அதே மாடலில் இன்னும் இரண்டு. நான்கு விதமாக நான்கு வாங்குவதைவிட அது எவ்வளவோ மேல்.

அளவு எண்ணை மட்டும் பார்ப்பது

ஒகுமாவில் 15, 20, 30, 45. டைவாவில் 17, 27, 47, 57. இந்த எண்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாது. பெட்டியில் எத்தனை பவுண்டு (அறாமல் தாங்கும் பலம்) லைன் எத்தனை கெஜம் பிடிக்கும் என்று எழுதியிருக்கும், அதை வைத்து ஒப்பிடுங்கள்.

பிளேனர் போர்டில் (லைனைப் படகின் பக்கவாட்டில் விலக்கிக்கொண்டு போகும் மிதவைப் பலகை) வால்ஐக்கு 10 பவுண்டு மோனோ (ஒற்றை இழை லைன்) போடுகிறீர்கள் என்றால் 15 அல்லது 20 வகைச் சிறிய ரீல் போதும். லூரை ஆழத்துக்குக் கொண்டுபோகும் தட்டான டிப்சி டைவர் தண்ணீரில் பலமாக இழுக்கும். அதற்கு 30 பவுண்டு பிரெய்டும் 30 வகை ரீலும் வேண்டும். லெட்கோர் என்பது உள்ளே ஈயம் வைத்த, நிறம் மாறி மாறி வரும் லைன். அதன் முழுச் சுருள் என்பது 10 நிறம், ஒரு நிறத்துக்கு 10 கெஜம், மொத்தம் 300 அடி. அது தடித்த லைன், பேக்கிங்கும் (அடியில் சுற்றும் நிரப்பு லைன்) சேர வேண்டும், ஆகவே 45 வகை கேட்கும். ஆனால் லெட்கோருக்கு நிறமே கணக்குச் சொல்லிவிடுகிறது. அந்த ராடுக்குக் கவுன்டர் இல்லாத பெரிய ரீலை வாங்கி மிச்சக் காசை டிப்சி ரீலில் போடுவது நல்லது. கவுன்டர் இல்லாமல் முடியவே முடியாத இடம் டிப்சிதான். வெளியே விட்ட லைனின் நீளத்தைத் தவிர, அது எந்த ஆழத்தில் ஓடுகிறது என்று அறிய வேறு வழி கிடையாது.

கியர் விகிதத்திலும் இதே மயக்கம் உண்டு. 6:1 (கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு ஸ்பூல் ஆறு சுற்று) என்றால் வேகம், எனவே நல்லது என்று எடுத்துவிட்டு, டிப்சியை இழுத்து முடிப்பதற்குள் கை சோர்ந்துவிடும். கனமான இழுவைக்கு 4:1-ஐ ஒட்டிய விகிதம் சுகம். படகை நோக்கிப் பாய்ந்து வரும் சினூக்குக்கு லைனைத் தொய்ய விடாமல் சுற்ற 5:1 அல்லது அதற்கு மேல் உதவும்.

கடையில் சோதிக்காமல் வாங்குவது

பெட்டியில் அச்சிட்ட அதிகபட்ச டிராக் (மீன் இழுத்தால் லைனை விட்டுக்கொடுக்கும் பிரேக்) எண்ணால் பெரிய பயன் இல்லை. 10 பவுண்டு மோனோவுக்கு நீங்கள் வைக்கப்போவது இரண்டரை முதல் மூன்று பவுண்டு டிராக். பார்க்க வேண்டியது, லேசாக இறுக்கிவிட்டு இழுத்தால் ஸ்பூல் குலுங்காமல் நகரத் தொடங்குகிறதா என்பது. முதல் அசைவில் சிக்கி, பிறகு சட்டென்று விடும் டிராக்கில் லைன் அறும், இல்லையென்றால் வால்ஐயின் மெல்லிய வாயிலிருந்து கொக்கி பிய்ந்து வரும்.

அடுத்து கவுன்டர். பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, ஸ்பூலைச் சுற்றிக்கொண்டே 009-லிருந்து 010-க்கும், 099-லிருந்து 100-க்கும் மாறும் இடத்தைக் கவனியுங்கள். மலிவு ரீலிலும் பழைய ரீலிலும் சக்கரம் சிக்குவது அங்கேதான். எண் பாதி மேலே பாதி கீழே நின்றால் வேறொன்றைக் கேளுங்கள். ரீசெட் பட்டனை அழுத்தினால் மூன்று இலக்கமும் ஒன்றாகப் பூஜ்யமாக வேண்டும். லைன் ஓடும்போது சத்தம் எழுப்பும் கிளிக்கர் உறுதியாக ஒலிக்கிறதா, கைப்பிடியில் ஆட்டம் இருக்கிறதா, லைனைப் பரப்பும் லெவல் வைண்ட் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை தடையில்லாமல் போகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

லைன் ஏற்றும் தவறுகள்

பிரெய்டை நேராக ஸ்பூலில் கட்டினால் அது வழுக்கும். பெரிய மீன் இழுக்கும்போது டிராக் பழுதானது போலத் தோன்றும், உண்மையில் லைன் கட்டு மொத்தமும் ஸ்பூலின் மேல் சுழன்றுகொண்டிருக்கும். அடியில் 10 முதல் 15 கெஜம் மோனோ சுற்றிவிட்டு அதன்மேல் பிரெய்டை முடியுங்கள்.

விலை உயர்ந்த பிரெய்டு ஸ்பூலை நிறைக்கப் பத்தாவிட்டால் மோனோ பேக்கிங் அதிகமாக வேண்டும். எவ்வளவு என்று ஊகிக்காமல் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. முதலில் பிரெய்டு முழுவதையும் ரீலில் சுற்றுங்கள். அதன்மேல் மோனோவை, ஸ்பூல் விளிம்புக்கு 3 மி.மீ. கீழே வரும்வரை ஏற்றுங்கள். அங்கே வெட்டி, எல்லாவற்றையும் காலி ஸ்பூல் ஒன்றுக்கு மாற்றி, அதிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி, கடைசியில் ரீலுக்கே திருப்பினால் மோனோ அடியிலும் பிரெய்டு மேலும் வந்துவிடும், மட்டமும் சரியாக இருக்கும். மோனோவின் நீளத்தைக் குறித்துக்கொண்டால் மற்ற ரீல்களுக்கு இவ்வளவு பாடு தேவையில்லை.

ஈரத் துணியால் லைனைப் பிடித்து இறுக்கமாகச் சுற்றுங்கள். தளர்வாகச் சுற்றிய பிரெய்டு டிப்சியின் இழுவையில் உள்ளே புதைந்து மாட்டிக்கொள்ளும், ஸ்பூலின் விட்டமும் மாறி கவுன்டர் கணக்கைக் கெடுக்கும்.

ஏற்றி முடித்ததும் ஒரு அமெரிக்கக் கால்பந்து மைதானத்துக்குப் போங்கள். ஒரு கோல் கோட்டிலிருந்து மறு கோல் கோடு வரை சரியாக 300 அடி. லைன் நுனியை ஒரு கோட்டில் கட்டி, கவுன்டரைப் பூஜ்யமாக்கி, ரீலைப் பிடித்தபடி நடங்கள். 50, 100, 150, 200 அடிகளில் கவுன்டர் என்ன காட்டுகிறது என்று குறித்து, காகித டேப்பில் எழுதி ரீலின் பக்கவாட்டில் ஒட்டுங்கள். சீசன் நடுவில் லைன் அறுந்து 40, 50 அடி போய்விட்டால் அந்த டேப் பொய் சொல்லத் தொடங்கும். மறுபடி நிறைத்து, மறுபடி அளக்க வேண்டும்.

படகில்

லூர் ராட் நுனியில் இருக்கும்போது பூஜ்யம் வைப்பதா, தண்ணீரைத் தொடும்போது வைப்பதா என்பதில் படகில் எல்லாரும் ஒரே வழக்கத்துக்கு வர வேண்டும். லைன் விடும்போது கட்டை விரலை ஸ்பூலில் வையுங்கள். ஸ்பூல் தறிகெட்டுச் சுழன்று சிக்கல் விழுந்தால், வெளியே போகாத லைனையும் கவுன்டர் எண்ணிவிடும்.

அழுத்தமான தண்ணீர்க் குழாயால் ரீலைக் கழுவாதீர்கள். நீர் கவுன்டர் பெட்டிக்குள் புகுந்து கண்ணாடி மங்கும். ஈரத் துணியால் துடைத்து, லெவல் வைண்ட் திருகுத் தண்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். அங்கே கெட்டியான கிரீஸ் பூசினால் மணல் ஒட்டிப் பற்களை அரிக்கும். அந்த எண்ணெய் டிராக் தட்டுகளில் படக்கூடாது. குளிர்காலத்துக்கு எடுத்து வைக்கும்போது டிராக்கை முழுவதும் தளர்த்திவிடுங்கள், இறுக்கியபடி மாதக்கணக்கில் கிடந்தால் தட்டுகள் அமுங்கி, வசந்தத்தில் முதல் மீனுக்கே குலுங்கும்.